திரும்ப வந்துருமோ? – வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பயம் போகவில்லை. அதனால் சர்க்கரை, தைராய்டு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கத்தை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 54 வயது. இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், ஊசி மருந்து (கீமோ), கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து ரெண்டு வருஷம் ஆகிறது. இப்போது லெட்ரோசோல் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். செக்கப் போகும்போதெல்லாம் நல்லா இருக்கீங்க என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் முழங்கால், கைவிரல் எல்லாம் பிடித்துக்கொண்டு வலிக்கிறது, எலும்புக்குப் போயிருச்சோ என்று உடனே மனசு அங்கேதான் ஓடுகிறது. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு மார்பையும் அக்குளையும் அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். என்னோடு ஊசி போட வந்த ஒரு அக்கா பங்குனியில் இறந்துபோனார், அதிலிருந்து இன்னும் மோசம். வீட்டில் சொன்னால் 'அதான் குணமாயிருச்சே, இன்னும் என்ன' என்கிறார்கள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை முழு உடம்புக்கும் பெட் ஸ்கேன் எடுத்தால் நிம்மதி கிடைக்குமா? நகையை அடகு வைத்தாவது எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.
– வாசகி, திருமங்கலம்

நகையை அடகு வைக்காதீர்கள் அம்மா. காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்த மூட்டு வலியைப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் சாப்பிடும் லெட்ரோசோலே மூட்டு வலியைக் கொடுக்கும். அனஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் என்று அதே வகையில் இருக்கிற மற்ற மாத்திரைகளும் அப்படித்தான். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மிகவும் குறைந்துபோவதால் மூட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. காலையில் எழுந்ததும் அதிகமாக இருக்கும், இரண்டு பக்கமும் இருக்கும், விரல், மணிக்கட்டு, முழங்கால் என்று பரவலாக இருக்கும், கொஞ்ச நேரம் நடமாடினால் இளகும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். எலும்புக்குப் பரவினால் வரும் வலியின் போக்கு வேறு: பெரும்பாலும் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும், நாளுக்கு நாள் கூடும், படுத்து ஓய்வெடுத்தாலும் விடாது, ராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். இதைக் கடிதத்தை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, உங்கள் டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வலியின் போக்கைக் கவனித்து அவரிடம் சொல்ல உங்களால் முடியும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வலிக்குப் பயந்து பல பெண்கள் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பாமல் இருக்க உங்கள் கையில் இருக்கிற மிகப் பெரிய மருந்து அந்தச் சின்ன மாத்திரைதான். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு இது 5 வருடம், சிலருக்கு 10 வருடம் வரைகூடத் தேவைப்படும். வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், வலிக்கு மருந்து தரலாம், நடையும் உடற்பயிற்சியும் நன்றாகவே உதவும். நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரை எலும்பின் அடர்த்தியையும் குறைக்கும், அதனால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் அந்த அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே பயன்படப்போவது அதுதான்.

இப்போது பெட் ஸ்கேனுக்கு வருகிறேன். இதே கேள்வியை இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகளில் சோதித்துப் பார்த்தார்கள், முடிவுகள் 1994-ல் வெளிவந்தன. சிகிச்சை முடித்த 2,500-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு வழக்கமான பரிசோதனையும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) மட்டும், மறுபாதிக்கு அதோடு சேர்த்து எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே என்று அடிக்கடி சோதனை. அதிகம் சோதித்தவர்களில் சிலருக்கு, உடம்பின் வேறு பாகத்துக்குப் பரவியது கொஞ்சம் முன்னதாகத் தெரிந்தது. ஆனால் யாருடைய ஆயுளும் அதனால் கூடவில்லை. அந்தக் காலத்து ஸ்கேன் வேறு, இப்போது இருப்பது வேறு என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைக்கும் உலக அளவில் டாக்டர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல், தொந்தரவு எதுவும் இல்லாத பெண்ணுக்கு வழக்கமாக பெட் ஸ்கேனோ மார்க்கர் ரத்தப் பரிசோதனையோ (புற்றுநோயின் அடையாளப் பொருளை ரத்தத்தில் அளப்பது) வேண்டாம் என்பதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ரத்தத்தில் செலுத்தும் மருந்து அதிகம் சேரும் இடங்கள் பெட் ஸ்கேனில் ஒளிரும், ஆனால் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. நம் ஊரில் காசநோய் அதிகம், எப்போதோ வந்து ஆறிய காசநோயின் நெறிக்கட்டிகூட ஒளிரலாம், சளி பிடித்திருந்தாலும் ஒளிரலாம். ஒளிர்ந்துவிட்டது என்றால் அப்புறம் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, அதன் ரிப்போர்ட் வரும்வரை சோறு இறங்காது. கடைசியில் ஒன்றும் இல்லை என்று வரும், ஆனால் அந்த நாட்களை யார் திருப்பித் தருவது? சரி, ஸ்கேன் சுத்தமாகவே வந்தாலும் எவ்வளவு நாள் நிம்மதி? என் ஓபியில் பார்க்கிறேன், ரிப்போர்ட் வாங்கிய அன்று முகமெல்லாம் மலர்ந்து போகிறவர்கள், சில வாரத்திலேயே 'அதுக்கப்புறம் வந்திருந்தா?' என்று திரும்ப வந்து நிற்கிறார்கள். பயம் கேட்பது 'இனி ஒருநாளும் வராது' என்ற உறுதியை. அந்த உறுதியைத் தரக்கூடிய ஸ்கேன் உலகத்தில் எங்கேயும் இல்லை, அதனால்தான் எத்தனை எடுத்தாலும் அதற்குப் போதவில்லை.

அப்படியானால் எதைச் செய்வது? மார்பிலேயே, அல்லது மறு மார்பில் வந்தால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் பெரிய பயன் உண்டு, அதைக் குணப்படுத்தவும் முடியும். அதனால் வருடத்துக்கு ஒரு மேமோகிராம் கட்டாயம். முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும், அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடம் ஒருமுறை. அடுத்த தடவை போகும்போது ஒரு நோட்டைக் கொண்டுபோய், 'எது வந்தால் நான் உடனே வரணும், எது வந்தால் காத்திருக்கலாம்' என்று கேட்டு அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லும் கணக்கு இது. புதிதாக வந்த வலி, இருமல், பசியின்மை எதுவாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் குறையாமல் கூடிக்கொண்டே போனால் காட்டுங்கள். தழும்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதுக் கட்டி தட்டுப்பட்டால் மூன்று வாரம் காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள். முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, நடக்கத் தள்ளாடினாலோ, சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரி என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். வலிப்பு, மூச்சுத்திணறலுக்கும் அப்படியே. ராத்திரி மனசு கேள்வி கேட்டால் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கிறதா, போங்கள். இல்லையா, செக்கப் தேதி வரட்டும். பயம் சொல்கிறபடி நடக்காமல் நோட்டு சொல்கிறபடி நடப்பது முதலில் சிரமமாகத்தான் இருக்கும், பழகப் பழக வரும்.

அழுத்திப் பார்ப்பதை மாதம் ஒருமுறை, குளித்து முடித்த கையோடு, பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அழுத்தினால் அந்த இடமே புண்ணாகி வலிக்கும், அந்த வலியே அடுத்த பயத்துக்கு விதை போட்டுவிடும். கரண்ட் வைத்த இடம் தடித்து, கெட்டியாக இருப்பது சகஜம். தினமும் தடவினால் வித்தியாசம் தெரியாது, மாதம் ஒருமுறை பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.

உங்களோடு ஊசி போட வந்த அந்த அக்கா. அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் வாந்திக்கு இன்னொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்து வளர்ந்த உறவு அது, சொந்த அக்கா போனதுபோல இருக்கும். அந்தத் துக்கத்துக்கு நீங்கள் அழுதுதான் ஆக வேண்டும், அதை அடக்கி வைத்தால் பயமாகத்தான் வெளியே வரும். ஆனால் ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள்: அவருடைய நோயும் உங்கள் நோயும் ஒன்றில்லை. மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல வகை இருக்கிறது. உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள், மூன்றாவது ஒரு புரதம், கட்டி எதை வைத்து வளர்கிறது என்பதை அவை காட்டும். மூன்றும் நெகட்டிவாக இருக்கிற வகை, திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பும், ஐந்து வருடம் தாண்டிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். உங்களுக்கு லெட்ரோசோல் கொடுத்திருப்பதால் ஹார்மோன் வகையாகத்தான் இருக்க வேண்டும். இதில் வருடா வருடம் இருக்கும் ஆபத்து குறைவு, ஆனால் பல வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் நீடிக்கும், மாத்திரை நீண்ட காலத்துக்கு இருப்பது அதற்காகத்தான். எந்த ஸ்டேஜ், அக்குளில் எத்தனை நெறிக்கட்டியில் இருந்தது என்பதையெல்லாம் வைத்து உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரால் சொல்ல முடியும். கேளுங்கள். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்த ஒரு எண்ணோடு வாழ்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது.

வீட்டில் 'இன்னும் என்ன' என்று சொல்கிறவர்களும் பயந்துபோய்த்தான் சொல்கிறார்கள். சிகிச்சை நடந்தபோது தேதி இருந்தது, நர்ஸ் இருந்தார், யாரோ ஒருவர் தினமும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்த மறுநாள் அத்தனை பேரும் விலகிப்போய் நீங்கள் தனியாக நிற்கிறீர்கள், அதனால்தான் சிகிச்சையின்போது வராத பயமெல்லாம் இப்போது வருகிறது. இது கோழைத்தனம் இல்லை, சிகிச்சை முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு அளவில் இருப்பதுதான். வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 'எனக்குத் தைரியம் சொல்ல வேண்டாம், சாயங்காலம் கொஞ்ச நேரம் நான் சொல்றதை மட்டும் கேளுங்க' என்று நேராகக் கேளுங்கள்.

அதற்கும் அடங்காமல் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சமைக்கப் பிடிக்கவில்லை, பேரப்பிள்ளையைத் தூக்கக்கூட மனசு வரவில்லை என்றால் அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. இந்தப் பயத்துக்காகவே ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய ஆலோசனை முறை ஒன்றைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள், வெறும் தளர்வுப் பயிற்சியைவிட அது பயத்தை அதிகமாகக் குறைத்தது. கவலையை விரட்டப் பார்க்காமல், அதன் மீதிருந்து கவனத்தை எடுத்து வேறொன்றில் வைக்கப் பழக்குவது அதில் ஒரு முக்கியமான பகுதி. மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மனநல மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் அதன் வேலையைக் குறைத்துவிடும்.

எங்க அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்து கரண்ட் வைத்து முடித்தோம். இப்போது செக்கப்புக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார். 'அழகருக்கு நேர்ந்திருக்கேன், அவர் பாத்துக்குவாரு, போய் நோண்டிப் பார்த்தாத்தான் ஏதாவது வரும்' என்று சொல்கிறார். வற்புறுத்தினால் அழுகிறார். நான் என்ன செய்வது?
– வாசகர், உசிலம்பட்டி

தம்பி, அம்மாவும் பயந்துதான் இருக்கிறார். திருமங்கலத்து அம்மாவுக்கு அது ஸ்கேன் ஸ்கேன் என்று துரத்துகிறது, உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவிடாமல் தடுக்கிறது. அழகரோடு நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள். முடி இறக்கவோ நூபுரகங்கையில் குளிக்கவோ கூட்டிப் போங்கள், அதே வாரத்தில் செக்கப்புக்கும் கூட்டிப் போங்கள்.

ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று யாராவது கேட்டார்களா? பையனிடம் சொல்ல மாட்டார். சித்தியோ அத்தையோ, அவருக்கு நெருக்கமான ஒரு பெண்ணைத் தனியாக உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். கரண்ட் வைத்த பிறகு பிறப்புறுப்பு சுருங்கி, உலர்ந்து, உள்ளே வைத்துப் பார்க்கும் பரிசோதனை உயிர் போகிற மாதிரி வலிக்கும். பல பெண்கள் செக்கப்பை விடுவது ரிப்போர்ட்டுக்குப் பயந்து இல்லை, அந்த மேஜைக்குப் பயந்துதான். வெட்கம் வேறு. இதற்கு வழி இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், சின்ன அளவுக் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லலாம், மரத்துப்போகச் செய்யும் ஜெல் கேட்கலாம். சுருங்காமல் இருக்க வீட்டிலேயே செய்துகொள்ளும் டைலேட்டர் (விரித்துவிடும் வழவழப்பான குழாய்) பயிற்சியும் உண்டு, அதை முதல் மாதங்களிலேயே சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராமல் விட்டிருந்தால் இப்போது கேளுங்கள்.

ஏன் போக வேண்டும் என்பதை அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். இந்த நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்தில்தான். இடுப்புக்குள்ளேயே, அந்த ஒரு இடத்தில் மட்டும் இருக்கும்போது தெரிந்துவிட்டால் ஆபரேஷன் செய்து குணமாக்க இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும். பார்ப்பதால் வருவதில்லை, இருந்தால் பார்ப்பதால்தான் தெரியும். சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் வந்தால் அது கரண்ட்டின் பின்விளைவாகவும் இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு, பயந்துபோய் மறைக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். போகிற அன்றைக்கு நீங்கள் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருங்கள், டாக்டர் சொன்னதை நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பயத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும்.

வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகுது. லாரி ஓட்டுறேன். மறுபடியும் புகையிலை போட ஆரம்பிச்சுட்டேன். வரணும்னு இருந்தா வரத்தானே போகுது?
– வாசகர், மேலூர்

இல்லை. நோய் திரும்புவது முழுக்க விதி இல்லை. உங்கள் கையில் நிறைய இருக்கிறது. தொடர்ந்து புகையிலை போட்டால் அதே நோய் திரும்பும் வாய்ப்பும் கூடும், வாயில், தொண்டையில், உணவுக்குழாயில் புதிதாக இன்னொன்று வரும் வாய்ப்பும் கூடும். வாய்ப் புற்றுநோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில், நீங்கள் இப்போது அதன் நடுவில் நிற்கிறீர்கள். 'வரணும்னு இருந்தா வரும்' என்பது பயத்தை மறைக்க நாம் சொல்லிக்கொள்வது என்று நினைக்கிறேன், உள்ளுக்குள் பயமில்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். ராத்திரி ஓட்டும்போது தூக்கம் வராமல் இருக்கத்தான் போடுகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், விடுவதற்கு நிகோடின் சூயிங்கம், மாத்திரை எல்லாம் இருக்கிறது. வாய் சரியாகத் திறக்கவில்லை என்றால் எதைத் தரலாம் என்று அவர் பார்த்துக் கொடுப்பார். 1800-11-2356 தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண், காசு கிடையாது. இன்றைக்கே கூப்பிடுங்கள்.

கருமுட்டைப் பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தது. மாதா மாதம் சிஏ-125 என்ற மார்க்கர் ரத்தப் பரிசோதனையை நானே லேபில் எடுத்துக்கொள்கிறேன். எண் கொஞ்சம் ஏறினாலும் உயிரே போய்விடுகிறது.
– வாசகி, மதுரை அண்ணா நகர்

நீங்களாக எடுப்பதை நிறுத்திவிடலாம். தொந்தரவு இல்லாதபோது சிஏ-125 ஏறியதை மட்டும் வைத்துக் கீமோவை முன்னதாகவே தொடங்கினால் பயன் உண்டா என்று ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2010-ல் வந்தது: ஆயுள் கூடவில்லை, கீமோவின் அவதி மட்டும் முன்னாலேயே வந்தது. அதன் பிறகு புது மருந்துகள் வந்திருக்கின்றன, அதனால் உங்கள் டாக்டர் ஒரு இடைவெளி சொல்லி எடுக்கச் சொன்னால் அவர் சொன்னபடி எடுங்கள். வெவ்வேறு லேபில் எடுத்தாலே எண் மாறும், ஒரே லேபில் எடுங்கள். இதைப் படித்துவிட்டுக் குடல் புற்றுநோய்க்காரர்கள் சிஇஏ என்ற மார்க்கர் பரிசோதனையை நிறுத்திவிட வேண்டாம், உங்களுக்கு அது உண்மையிலேயே தேவை. முதல் வருடங்களில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை அதுவும், சிடி ஸ்கேனும், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியும் டாக்டர் சொல்கிற கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஒரு நோயின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

குடல் ஆபரேஷனும் கீமோவும் முடிந்தது. சீனியை அறவே விட்டுவிட்டேன். நாட்டு மருந்தும் எடுக்கிறேன். திரும்பாமல் இருக்க வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், சோழவந்தான்

நடங்கள். குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. பயிற்சியாளர் உதவியோடு மூன்று வருடம் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களில் ஐந்து வருடம் கழித்து நோயில்லாமல் இருந்தவர்கள் 80 சதவீதம், வெறும் அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 74 சதவீதம். மாத்திரைக்கு நிகரான பலன் இது, எனக்கே வியப்பாக இருந்தது. வேகமாக நடப்பதே போதும், காலையில் வைகைக் கரையோரம், வயல் வரப்பு எங்கே வசதியோ அங்கே நடங்கள். சீனியைக் குறைத்தது நல்லதுதான், ஆனால் பேத்தி பிறந்தநாளுக்கு ஒரு வாய் கேக் சாப்பிட்டதற்காக ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டாம், அதனால் நோய் திரும்பாது. நாட்டு மருந்தின் பெயரையும் பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள், சில கல்லீரலைக் கெடுக்கும், அந்த ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து நோய் பரவிவிட்டதோ என்று எல்லாரும் பதறுவார்கள்.

மகளுக்குத் தையில் கல்யாணம் பேசியிருக்கிறோம். எனக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம். மார்கழியில் செக்கப். ரிப்போர்ட் வந்த பிறகு மண்டபம் பிடிக்கலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

இப்போதே பிடித்துவிடுங்கள், தை முகூர்த்தத்துக்கு நம் பக்கம் மண்டபம் கிடைப்பதே பாடு. செக்கப் தேதியை மட்டும் தள்ளாதீர்கள், பத்திரிகை வைக்கப் போகிற அலைச்சலில் அது விட்டுப்போகும், அதனால் தேதியைச் சம்பந்தி வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை சாயங்காலம் கனமாகவோ வீக்கமாகவோ இருந்தால் கல்யாண வேலை தொடங்கும் முன்பே பிசியோதெரபிஸ்டிடம் காட்டி அழுத்த உறை வாங்கிவிடுங்கள், பாத்திரம் தூக்குகிற வேலையைத் தம்பி வீட்டுப் பையன்களிடம் விட்டுவிடுங்கள். உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள்.